உன் கூட்டாளி யார்?

பிள்ளைகளைக் களிமண் என்று சொல்லும் பேச்சை மேடைக்கு மேடை கேட்கலாம். பிடிக்கிறபடி வருவார்களாம். எங்கள் மங்கலம்பேட்டைக்கு அடுத்த விருத்தாசலத்தில் பீங்கான் வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு ஒட்டாது. மண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து இறுகும். மீதிக் கூழைக் கவிழ்த்து, கொஞ்ச நேரம் விட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை. எத்தனை முறை ஊற்றினாலும் அதே முகம்தான். பிள்ளைகள் அப்படியா வருகிறார்கள்? ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று கோபம் வந்தால் கத்தித் தீர்க்கும். இன்னொன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நாம் வைத்திருப்பதோ ஒரே அதட்டல்.

"சாரி சொல்லு" என்பதும் அந்த அதட்டலில் சேர்த்திதான். சொன்னதும் சண்டை முடிந்ததாகக் கணக்கு. உள்ளே எதுவும் முடிந்திருக்காது.

இங்கே ஒரு மூன்றாம் வகுப்பில் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு பெண் பிள்ளை ஒடிந்த பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். ஒடித்தவன் தலையைக் குனிந்தபடி நின்றான். டீச்சர் கம்பை எடுக்கவில்லை, சாரியும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, "ஒனக்கு இப்ப கோவமா, அழுகையா?" என்றார். "ரெண்டும் டீச்சர்." அவனிடம் திரும்பி, "ஒடைக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். வெகு நேரம் பதில் இல்லை. டீச்சர் அவசரப்படுத்தவும் இல்லை. கடைசியில் வந்தது: "நேத்து வெளாட்டுல என்ன சேத்துக்கல." பென்சிலுக்குப் பின்னால் ஒரு முழுநாள் வருத்தம் இருந்திருக்கிறது. அடித்திருந்தால் அது வெளியே வந்திருக்குமா? அன்று மதியம் அவனே தன் பென்சிலைச் சீவி அவளிடம் கொடுத்தான். யாரும் சொல்லவில்லை.

பள்ளியில் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. அடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. கோபம் வருவதைத் தானே கண்டுகொள்வது, அதைக் கையாள்வது, அடுத்தவன் நிலையை உணர்வது இவையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி பழகப் பழக வருபவை. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சிப் பாடம் என்றே தனி வகுப்பு வைத்தார்கள். நம் அரசுப் பள்ளிகளில் 2024இல் 'மகிழ் முற்றம்' வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துச் சேர்ந்து இயங்க வைக்கும் ஏற்பாடு. நல்ல முயற்சி. ஆனால் குழு என்றால் போட்டியும் கூடவே வரும். தோற்ற பிள்ளையோடு அன்றைக்கு யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் அதன் பலன் இருக்கிறது. என்னைக் கேட்டால், பள்ளிகளில் சிறார் படம் போட்டு அதைப் பற்றிப் பேசவைக்கிறார்களே, அதற்கு ஒரு படி மேலே இடம் கொடுப்பேன். படத்தில் வரும் பையனின் பயத்தைச் சொல்லும் சாக்கில் பிள்ளை தன் பயத்தையும் சொல்லிவிடும்.

வீட்டுப் பக்கம் வந்தால், குறை சொல்ல மனம் வருவதில்லை. பொம்மைக்கு வர்ணம் தீட்டிவிட்டோ, காட்டு வேலை முடித்தோ, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கும் அம்மாவிடம், "பிள்ளையோடு மனம்விட்டுப் பேசுங்கள்" என்று புத்தகத் தமிழில் சொன்னால் அவள் எங்கே போவாள்? தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எதிர் வீட்டில் ராத்திரி முறத்தைப் போட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிப்பார்கள். "இன்னைக்கு ஸ்கூல்ல என்னடா?" என்று நேருக்கு நேர் பார்த்துக் கேட்டபோது "ஒண்ணுமில்ல" என்ற அதே பையன், கை தோலை உடைத்துக்கொண்டிருக்கும்போது, கண் முறத்தில் இருக்கும்போது, தானாக ஆரம்பிக்கிறான். பஸ்ஸில் பெரிய பையன்கள் பையைப் பிடுங்குவதை அப்படித்தான் சொன்னான். அவன் அம்மா, "நீ ஏன் சும்மா இருந்த?" என்று பாயவில்லை. "அப்பறம்?" என்றாள், உரித்துக்கொண்டே. மறுநாள் அவளே பள்ளிக்குப் போய்ப் பேசினாள். மல்லாட்டை இல்லாவிட்டால் கீரை ஆயலாம், துணி மடிக்கலாம். கையில் போன் மட்டும் இருக்கக் கூடாது.

பேச்சு வீட்டில் தீரும் எல்லையைத் தாண்டியது என்றால், யாராவது தப்பாகத் தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால், அங்கே பொறுமை வேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, கல்வி உதவிக்கு 14417, இந்த இரண்டு எண்ணும் அடுப்படிச் சுவரில் எழுதி வைக்க வேண்டியவை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் எல்லாரும் மார்க்கைத்தான் கேட்கிறோம். அதோடு இன்னும் இரண்டு கேளுங்கள் என்று இங்கே தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்: என் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்? சண்டை வந்தால் என்ன செய்கிறான்? போன கூட்டத்தில் ஒரு தகப்பன் கேட்டார். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தனியாத்தான் சாப்புடறான், நானும் இப்பத்தான் யோசிக்கறேன்" என்றார். இருவரும் அங்கேயே நின்று, யார் பக்கத்தில் அவனை உட்கார வைக்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள்.