மூன்று முழுக்கு

என் மேசை இழுப்பறையில் ஐந்து காசோலைத் தாள்கள் கிடந்தன. இப்போது இரண்டுதான் மிச்சம். அலகாபாத் வங்கியின் பெயர் அச்சடித்தவை. 2021 அக்டோபர் 1 முதல் அவை செல்லாது என்று ஆகிவிட்டது. கிழித்துப் போட எனக்கு மனம் வரவில்லை. என் மனைவிதான் அவற்றுக்கு ஒரு வழி பண்ணினாள். முன்பக்கம் குறுக்கே இரண்டு கோடு இழுத்துவிட்டு, பின்பக்கம் லேக் மார்க்கெட்டில் வாங்க வேண்டியதை எழுதித் தருகிறாள். போன வாரத் தாளில் ‘முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பாஞ்ச்ஃபோரன் 100’ என்று இருந்தது.

வங்கி ‘மெர்ஜ்’ ஆகிவிட்டது. கொல்கத்தாவில் ரிக்‌ஷாக்காரர் முதல் ரிட்டயரான நீதிபதிவரை இந்தச் சொல்லை அப்படியேதான் சொல்கிறார்கள். இணைப்பு என்று தமிழில் எழுதுகிறோம். எழுதும்போதே கொஞ்சம் பொய் சொல்வதுபோல் எனக்குத் தோன்றும். இணைப்பு என்றால் இரண்டும் இருக்க வேண்டுமே!

எங்கள் மேல்மாடியில் இருக்கும் வங்காளி அண்ணனை ‘தாதா’ என்றுதான் கூப்பிடுவோம்; அவர் அந்த வங்கியில் 34 ஆண்டு வேலை பார்த்தவர். 2019 ஆகஸ்ட் 30 அன்று, பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக்கப் போவதாக நிதியமைச்சர் அறிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, லுங்கியோடு படியிறங்கி வந்தார். “டூபே கெலோ, மொஷாய்” என்றார். மூழ்கிப் போச்சு.

“மூழ்கவில்லை தாதா, மெர்ஜ் ஆகிறது. ரெண்டும் வேற வேற” என்றேன். பெரிய இவன் மாதிரி.

அன்று ராத்திரி அகராதியைப் புரட்டினேன். மெர்ஜ் என்ற சொல்லுக்கு லத்தீன் வேர். அதன் பொருள் முங்குதல், முக்குதல். சப்மெர்ஜ் என்றால் நீருக்குள் போவது, எமர்ஜ் என்றால் நீரை விட்டு மேலே வருவது. கலத்தல், சேர்தல் என்ற பொருளெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆங்கிலேய வக்கீல்கள்தான் அதற்கு வழிகாட்டிகள். ஒரு சொத்தில் சின்ன உரிமையும் பெரிய உரிமையும் ஒரே ஆள் கைக்கு வந்தால், சின்னது பெரியதில் மூழ்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, தாதா சொன்னதுதான் சரி. மறுநாள் காலை மாடியேறிப் போய் ஒப்புக்கொண்டேன். அவருக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அந்த வக்கீல் கணக்கு என் வீட்டுக்குள்ளேயே ஒருமுறை வந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வாடகைக்கு இருந்த இதே வீட்டை, வீட்டுக்காரரிடமிருந்தே நான் விலைக்கு வாங்கினேன். வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டாமா என்று வக்கீலைக் கேட்டேன். சிரித்தார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 111ஆம் பிரிவு: குடியிருப்பவரும் உடையவரும் ஒருவரே ஆகிவிட்டால் குத்தகை தானாக முடிந்துவிடும். வாடகைக்காரனாக முங்கி சொந்தக்காரனாக எழுந்தேன். இப்படி ஒரு மூழ்கலில் யாருக்கு வருத்தம்?

வங்கிக் கதை அப்படி இல்லை. வங்கி முழுகுவது என்றால் என்ன என்று நம் சென்னைக்கு நன்றாகத் தெரியும். 1906இல் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கொண்டுபோனது. அந்தக் கொதிப்பில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். தாதாவின் வங்கி 1865இல் பிறந்தது. 1923இல் தலைமையகத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றிக்கொண்டது. 42 வயது மூத்தது, 2020 ஏப்ரல் 1 அன்று இளையதன் பெயரை ஏற்றது. அலகாபாத் வங்கியின் ஆயிரம் பங்குக்கு இந்தியன் வங்கியின் 115 பங்கு. ஊரடங்கின் இரண்டாவது வாரம் அது. நேதாஜி சுபாஷ் சாலையில் நின்று ஒரு பெருமூச்சு விடக்கூட ஆள் நடமாட்டம் இல்லை.

இதே ஊரில் இதற்கு முன்னும் வங்கிகள் சேர்ந்திருக்கின்றன. 1921இல் பேங்க் ஆஃப் பெங்கால், பேங்க் ஆஃப் பாம்பே, நம் பேங்க் ஆஃப் மெட்ராஸ் மூன்றும் சேர்ந்து இம்பீரியல் வங்கி ஆயின. அதுதான் 1955இல் ஸ்டேட் வங்கி. 1950இல் கொமில்லா பேங்கிங் கார்ப்பரேஷன், கொமில்லா யூனியன், பெங்கால் சென்ட்ரல், ஹூக்ளி என்று நான்கு வங்கிகள் சேர்ந்து யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா பிறந்தது. வங்காளத்தில் வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்த காலம். கையைப் பிடித்துக்கொண்டால் கரையேறலாம் என்று நினைத்திருப்பார்கள். கொமில்லா அதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. கொமில்லா வங்கிகள் இரண்டும் ஊரையும் விட்டு, பெயரையும் விட்டு வந்தவை. ஆனால் ஒன்று: அந்த இரண்டு தடவையும் எல்லாருமே தங்கள் பெயரைக் கழற்றி வைத்தார்கள். புதிதாக ஒரு பெயர் வந்தது. 2020இல் ஒருவர் பெயர் நின்றது, மற்றவர் பெயர் முங்கியது. யுனைடெட் வங்கியும் அதே நாளில் பஞ்சாப் நேஷனல் வங்கிக்குள் போய்விட்டது. அரசாங்கத் திட்டத்தில் இதற்கு ‘அமால்கமேஷன்’ என்று பெயர். பாதரசத்தில் மற்ற உலோகத்தைக் கலப்பதிலிருந்து வந்த சொல் அது. கேட்க மெர்ஜரைவிடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்த என் மனைவிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண்வேலை. அவள் அடுப்படியில் இரண்டு டப்பா உண்டு. ஒன்றில் சாம்பார்பொடி. வறுத்து அரைத்தபின் மல்லி எது, துவரை எது என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. மற்றதில் பாஞ்ச்ஃபோரன்: வெந்தயம், சோம்பு, சீரகம், கருஞ்சீரகம், கடுகு. ஐந்தும் முழுசு முழுசாக. காய்ந்த எண்ணெயில் போட்டால் கடுகு வெடிக்கும், வெந்தயம் சிவக்கும், சோம்பு வாசம் தூக்கும். அதைத் தாளித்து அவள் பூசணிக்காய்க் கூட்டு வைக்கிறாள். கும்பகோணத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வங்காளிகளும் அதைத் தங்களுடையது என்று சொல்ல மாட்டார்கள். தாதா வீட்டுக்கு வாரம் ஒரு கிண்ணம் போகிறது.

கூட்டுக் குடும்பத்துக்கு வங்காளிகள் ‘ஏகான்னவர்த்தி’ என்று சொல்வார்கள். ஒரே சோற்றில் இருப்பவர்கள். அண்ணன் தம்பி பிரிந்தால் ‘பானை வேறு’ ஆகிவிட்டது என்பார்கள். கல்யாணப் பத்திரிகையோடு காலில் விழ வரும் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் பொடியா, பாஞ்ச்ஃபோரனா? முக்கால்வாசிப் பேர் கிழத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். போன தை மாதம் வந்த ஒரு பெண் மட்டும், மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

அலகாபாத் என்ற ஊர்ப் பெயரே 2018இல் பிரயாக்ராஜ் ஆகிவிட்டது. அங்கே கங்கையும் யமுனையும் கூடுமிடத்தில் யமுனை கொண்டுவரும் நீர்தான் அதிகம் என்கிறார்கள். ஆனாலும் அதற்கப்புறம் ஆற்றின் பெயர் கங்கை. அந்தச் சங்கமத்துக்கு யுக்தவேணி என்று பெயர், சேர்த்த பின்னல். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி மாவட்டத்துத் திரிவேணி, முக்தவேணி. அவிழ்ந்த பின்னல். பிரயாகையில் ஒன்றான கங்கை, யமுனை, கண்ணுக்குத் தெரியாத சரஸ்வதி மூன்றும் இங்கே மறுபடி பிரிகின்றன என்பது நம்பிக்கை. போன குளிர்காலத்தில் தாதாவும் நானும் ஹவுராவில் கட்வா லோக்கல் பிடித்துப் போனோம். சரஸ்வதி என்று காட்டினார்கள். நம் ஊர் வாய்க்கால் அளவுகூட இல்லை.

தாதா அவருடைய மூக்குக்கண்ணாடியையும் துண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். மூன்று முழுக்கு. மூன்றாவதில் கொஞ்சம் தாமதித்தார். நான் படியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். நடுங்கிக்கொண்டே மேலே வந்தார். புரோகிதர் தர்ப்பையோடு தயாராக இருந்தார். பெயர், கோத்திரம் கேட்டார். தாதா இரண்டையும் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே, “அலகாபாத் பேங்க், ரிட்டயர்டு” என்றார். புரோகிதர் அதையும் சங்கல்பத்தில் சேர்த்தாரா என்பது காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.