முதலில் பாக்டீரியாவைக் கவனியுங்கள்

பேஜ் ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது, "சார், பேஜை எப்படி வளர்ப்பது?" என்றுதான். அதை யாராலும் வளர்க்க முடியாது என்பேன். முழிப்பார்கள். பேஜ் என்பது பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகும் வைரஸ். எவ்வளவு சத்தான திரவத்தில் விட்டாலும் தனியாக இருக்கும் பேஜ் ஒன்று இரண்டாகாது. தோதான பாக்டீரியா கிடைத்துவிட்டாலோ, டி4 போன்ற பேஜ் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் நூறு வாரிசுகளோடு அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆக, நம்மால் செய்ய முடிந்தது பாக்டீரியாவை நன்றாக வளர்ப்பது மட்டும்தான்.

இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வாழ்க்கையில் நாம் ஆசைப்படுகிறவையும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நல்ல பெயர், பிறருடைய நம்பிக்கை, கைத்தேர்ச்சி, இவற்றில் எதையும் நேராகப் பிடித்து வளர்க்க முடியாது. அவை எதன்மேல் வளருமோ, அதைக் கவனித்துக்கொள்வதுதான் நம் பொறுப்பு.

கவனிப்பு என்றால் என்ன என்பதைச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜில் பல நாள் கிடந்த பாக்டீரியா கல்ச்சரை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். புதிதாகப் போட்டு, அது விறுவிறுவென்று பெருகும் கட்டத்தில் எடுங்கள். பெரும்பாலான பேஜ்கள் வளர்கிற பாக்டீரியாவில்தான் பெருகும். பிளேட்டில் பாக்டீரியா வளர்ந்து ஓய்ந்துவிட்டால், பேஜ் பாக்டீரியாவை அழித்து உண்டாக்கிய தெளிந்த வட்டமும் அதற்குமேல் விரியாது. சில பேஜ்கள் பாக்டீரியாவில் ஒட்டுவதற்கே கால்சியம் உப்பு வேண்டும். அதைச் சேர்க்க மறந்துவிட்டு, "மாதிரியில் பேஜே இல்லை" என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்தது பிளேட் ஊற்றும் வேலை. 1936இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே கிராத்தியா விவரித்த இரட்டை அகார் முறையைத்தான் உலகம் இன்றும் கையாள்கிறது. அடியில் கெட்டியான அகார். அதன்மேல் பாக்டீரியாவும் பேஜும் கலந்த இளகிய அகாரை மெல்லிய அடுக்காக ஊற்ற வேண்டும். அந்த இளகிய அகார் 45 முதல் 50 டிகிரிக்குள் இருக்கட்டும். சூடு ஏறினால் பாக்டீரியா சாகும். இறங்கினால் கட்டி தட்டிவிடும். வாட்டர் பாத்திலிருந்து எடுத்த குழாயைப் புறங்கையில் வைத்தால் சுட வேண்டும், ஆனால் வெடுக்கென்று கையை இழுக்கத் தோன்றக் கூடாது. கலக்கும்போது குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் குமிழி வரும். மறுநாள் அந்தக் குமிழி பேஜ் உண்டாக்கிய வட்டம் போலவே உங்களைப் பார்த்துச் சிரிக்கும். இதற்காகத்தான் பேஜ் சேர்க்காத கன்ட்ரோல் பிளேட் ஒன்றை எப்போதும் வைக்கச் சொல்கிறோம். அதிலும் வட்டம் தெரிந்தால் உங்கள் கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்தது. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மறுநாள் பிளேட்டில் பாக்டீரியா மங்கலான படலமாகப் படர்ந்திருக்கும். நடுநடுவே தெளிந்த சிறு வட்டங்கள் தெரியும். இங்கிலாந்தில் ஃபிரடெரிக் ட்வோர்ட் தம் பாக்டீரியா இப்படிக் கண்ணாடி போலத் தெளிவாகிப் போவதை 1915இல் எழுதினார். பாரிஸில் ஃபெலிக்ஸ் தெரெல் சீதபேதி நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து, 1917இல் இது பாக்டீரியாவைத் தாக்கும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர் என்று அறிவித்துப் பெயரும் வைத்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பேஜைப் படமெடுத்தது 1940 வாக்கில்தான். கண்ணால் காணாத ஒன்றைத் தெரெல் நம்பியதற்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். திரவத்தை நீர்க்கச் செய்யச் செய்ய வட்டங்களின் எண்ணிக்கை அதே விகிதத்தில் குறைந்தது. அப்படியானால் உள்ளே இருப்பது தனித்தனித் துகள்.

நாமும் அப்படித்தான் எண்ணுகிறோம். பத்தில் ஒன்றாக ஆறு முறை நீர்க்கச் செய்து, அதில் 0.1 மில்லிலிட்டர் ஊற்றி, 75 வட்டங்கள் வந்தால், மூலத் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 75 கோடி பேஜ். 30 முதல் 300 வட்டங்கள் உள்ள பிளேட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். அதற்குக் குறைந்தால் தற்செயல் விளையாடும். கூடினால் வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒருவரைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன்பும் கையில் போதிய சான்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கடை நீரிலிருந்து பேஜ் எடுக்கும்போது 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுகிறோம். பாக்டீரியா மேலே தங்கிவிடும், பேஜ் கீழே இறங்கும். ஆனால் இறங்குவது ஒரே வகைப் பேஜ் என்று யார் சொன்னது? ஒரு வட்டத்துக்குள் இரண்டு வகை ஒளிந்திருக்கலாம். அதனால் தனித்து நிற்கும் வட்டம் ஒன்றைத் தொட்டெடுத்து, பஃபரில் கரைத்து, மறுபடி பிளேட் போட வேண்டும். இதைக் குறைந்தது மூன்று முறை செய்ய வேண்டும். முதல் தடவையே அழகாக வந்துவிட்டதே என்று இளரத்தம் துடிக்கும். அழகாக வந்ததைத்தான் இன்னொரு தடவை சோதிக்க வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். பாக்டீரியா வேலையை முடித்துவிட்டுப் பேஜைத் தொடுங்கள். மாற்றிச் செய்யாதீர்கள். ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி1 என்ற பேஜ் காய்ந்த நிலையிலும் உயிர்ப்போடு கிடக்கும். ஒருவருடைய அசிரத்தையால் லேப்பில் உள்ள அத்தனை பேருடைய ஈ.கோலை கல்ச்சரும் அழிந்துபோகலாம். நம் ஒழுங்கு நமக்காக மட்டும் இல்லை.

கடைசியாக ஒரு கதை, நடந்த கதை. 2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி, அழுகிய கத்தரிக்காயில் ஒட்டியிருந்த மண்ணிலிருந்து ஒரு பேஜைப் பிரித்தெடுத்தார். வளர்த்தது, தீங்கில்லாத ஒரு மைக்கோபாக்டீரியத்தில். அதற்கு 'மடி' (Muddy) என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான மற்ற பேஜ்களோடு அதுவும் சேர்ந்தது. லண்டனில் நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு, எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் தொற்றோடு 15 வயதுப் பெண் ஒருத்தி உயிருக்குப் போராடினாள். 2018இல் அவளுக்கு மூன்று பேஜ்கள் கலந்து தரப்பட்டன. அவற்றில் ஒன்று மடி. அவள் உடல்நிலை வெகுவாக முன்னேறியது, அந்த விவரம் 2019இல் வெளியானது.

கத்தரிக்காய் மண்ணைக் கரைத்த அன்று அந்த மாணவிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அன்றைய வேலையை அன்றைக்கு ஒழுங்காகச் செய்தார். யாரோ அதைத் தூய்மைப்படுத்தி, பெயர் எழுதி, பத்திரப்படுத்தினார்கள். உங்கள் உழைப்பு யாருக்கு, எப்போது உதவும் என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் எந்த மாதிரி, எந்த பாக்டீரியா, எந்தத் தேதி என்ற மூன்றையும் குழாயின்மேல் அழியாத மையில் எழுதுங்கள். தேவைப்படுகிறவர் தேடி வரும்போது, அது அவர் கைக்குக் கிடைக்க வேண்டாமா?