நாற்பத்தாறாம் பல்

மாடிப்படி ஏறிவந்த மூச்சு அந்த அம்மாவுக்கு இன்னும் அடங்கவில்லை. பீடி சுற்றிக் காய்த்த விரல்கள் வலது கன்னத்தை அழுத்திப் பிடித்திருக்கின்றன. மடியில் கட்டைப்பை, அதற்குள் மடித்த பழைய சீட்டு. பெயரைக் கூப்பிட்டதும், வாசலில் செருப்பைச் சரியாக விட்டிருக்கிறோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்.

பெஞ்சுக்கும் சிகிச்சை நாற்காலிக்கும் நடுவே தோளுயரத் தடுப்புதான். பேசுவதெல்லாம் கேட்கிறது.

“வாயத் தெறங்க. நல்லா.”

அதற்குப் பிறகு பேச்சு உதவியாளர் பெண்ணிடம். “ஃபார்ட்டி சிக்ஸ். ஃப்ராக்சர். எக்ஸ்ட்ராக்‌ஷன்னு எழுதிக்கோ.”

“எனக்கு அம்பத்தொண்ணு ஆச்சு சார்” என்று குழறுகிறது அந்த அம்மாவின் குரல்.

யாரும் பதில் சொல்லவில்லை. கீழ்த்தாடையின் வலப்பக்கத்துக்கு நான்கு. நடுவிலிருந்து எண்ணி வந்தால் ஆறாவது பல். மருத்துவர்கள் அதை நாற்பத்தாறு என்று குறிப்பார்கள். தன் வயதைத் தப்பாக எழுதிவிடப் போகிறார்களே என்று அவர் பதறியது அவர்கள் காதில் ஏறவே இல்லை.

“ஏம்மா, பாதியில விட்டுட்டுப் போனா பல்லு ஒடையாம என்ன செய்யும்?”

“வலி நின்னுட்டே சார். சரியாப் போச்சுன்னுல்லா இருந்தேன்.”

வலி நிற்கத்தான் செய்யும். வேர் சிகிச்சையில் முதலில் எடுப்பதே பல்லின் உள்ளிருக்கும் நரம்பைத்தான். மேலே வைத்து அனுப்புவது தற்காலிக அடைப்பு. நாளாக நாளாகத் தேய்ந்து கசியும். வேர்க்குழாயைச் சுத்தம் செய்து நிரப்பி, கேப் போட்டு மூடினால்தான் கடைவாய்ப்பல் மெல்லுகிற பாரத்தைத் தாங்கும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். சீட்டில் அடுத்த தேதி இருக்கிறது. எதற்காக வரவேண்டும் என்பது இல்லை.

மருத்துவர் கெட்டவர் அல்லர். கை சுத்தமான கை. ஊசி இறங்கும்போது அந்த அம்மா முனகக்கூட இல்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆள் என்பதும் உண்மை. ஆனால் கடிந்துகொள்ளக் கிடைத்த நேரம் எடுத்துச் சொல்ல ஏன் கிடைக்கவில்லை?

ஊசிக்கு முன்பே ஒரு தாள் நீட்டப்பட்டது. “கையெழுத்துப் போடுங்கம்மா.” முழுக்க ஆங்கிலம். “எடுக்காம சரிபண்ண...” என்று அவர் தொடங்கும்போதே பேனா கைக்கு வந்துவிட்டது. என்ன சிகிச்சை, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் போதுமான அளவு சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2008-லேயே சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே கையெழுத்து மட்டும் வாங்கியாயிற்று.

பல் வந்துவிட்டது. வாயில் பஞ்சு, கையில் இன்னொரு ஆங்கிலத் தாள். வாயில் ஊறுவதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் வாஷ்பேசினைப் பார்த்து நடக்கிறார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா மாப்பைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார். “யக்கா, துப்பிராதீங்க! முழுங்கிருங்க. துப்புனா குழியில கட்டுற ரெத்தம் பேந்துக்கிட்டு வந்துரும், பெறவு எலும்பு தெரிஞ்சு ராத்திரி பகலா வலிக்கும். பஞ்ச அரைமணி நேரம் கடிச்சே இருங்க. மரப்பு போறமுட்டும் ஒண்ணும் மெல்லாதீங்க, கன்னத்தக் கடிச்சாக்கூடத் தெரியாது. பெறவு மோர்ச்சோறு கரைச்சு, ஆறவச்சுச் சாப்பிடுங்க. சூடா எதுவும் வேண்டாம்.”

அந்த அம்மா தலையாட்டுகிறார். வந்ததிலிருந்து அவர் முகம் தெளிந்தது இப்போதுதான்.

பெஞ்சு ஓரத்திலிருந்து ஒருவர் மெல்ல எழுந்து ஆயாவிடம் வருகிறார். உள்ளே கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

“எனக்கு மருந்து வச்சு அடைச்சிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லிருக்காவ. வலி இல்லாட்டியும் வரணுமா?”

“கட்டாயம் வரணும்ணே. அந்த அக்காவுக்கும் வலி நின்னுதான் இருந்துச்சு.”