திரையில் தங்கும் நிழல்

கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்றின் திரையைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுதல் பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். வீடுதோறும் புகுந்துவிட்ட ஒரு பொருளைப் பற்றித் தெளிவாகச் சொல்ல நம் மொழியில் சொல்லும் உண்டு. சொல்லவேண்டிய தேவையும் உண்டு. அத்தேவையை யாம் உணருமாறு செய்தது, ஆவடியை அடுத்த வெள்ளானூரில் எம் தங்கையின் இல்லத்தில் எழுந்த ஒரு சிறு பூசல்.

தங்கையின் கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவர். விடுமுறையில் வந்தபோது பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக ஒரு விளையாட்டுக் கருவியை வாங்கிவந்தார். அக்கினி நட்சத்திர வெயில் காய்ந்த ஒரு நாளில் இளையவன் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைத்து, கருவியைச் சார்ஜரில் செருகிவிட்டு உறங்கிப்போனான். திரை தானே அணையும் வசதியை அவன் முன்பே நீக்கியிருந்தமையால், இரவு முழுவதும் ஒரே காட்சி அதில் நின்றது. மறுநாட் காலை எந்த ஆட்டத்தைத் திறந்தாலும், முந்தைய ஆட்டத்தின் மதிப்பெண் கட்டம் மங்கலான நிழலாகப் பின்னே தெரிந்தது.

மூத்தவன் முறையிட்டான். பழுதுபார்க்கும் கடையொன்றில் காட்டியபோது, திரையையே மாற்றவேண்டும் என்றனர். அதற்குக் கேட்ட தொகையோ கருவியின் விலையில் ஏறத்தாழப் பாதி. "அத்தா வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுடா இது" என்று தாய் கடிந்துகொண்டாள். மாலையில் யாம் சென்றபோது சிறுவன் உண்ணாமல் ஒரு மூலையில் அமர்ந்திருந்தான். "மாமா, நான் கீழே போடவே இல்லை" என்று அவன் கூறியதில் பொய்யில்லை. திரையில் கீறல் இல்லை, விரிசலும் இல்லை. அவ்வாறாயின் அந்நிழல் வந்தது எங்ஙனம்?

இதற்கு விடைகாணத் திரையின் இயல்பை அறிதல் வேண்டும். எல்.சி.டி. எனப்படுவது திரவப் படிகத்தாலான திரை. 1888ஆம் ஆண்டில் பிராகு நகரில் இருந்த தாவரவியல் அறிஞர் பிரெடெரிக் ரைனிட்சர், கொழுப்புச்சார் பொருள் ஒன்றைச் சூடேற்றினார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கல் நீர்மமாயிற்று, 178.5 பாகையில்தான் தெளிந்தது. இடைப்பட்ட அக்கலங்கல் நிலையே திரவப் படிகம். நீர்போல் ஓடும், ஆயினும் அதன் மூலக்கூறுகள் படிகத்திற்போல் ஒரு திசை நோக்கி வரிசைகொள்ளும். இத்துறையில் நம்மவர் பங்கும் உண்டு. சர் சி. வி. இராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், 1977இல் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில் தம் துணைவர்களுடன், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதைக் கண்டறிந்தார். (நோபல் பரிசு பெற்ற வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் வேறொருவர்.) பக்கவாட்டிலிருந்து நோக்கினும் திரைக்காட்சி திரியாமல் தெரியச் செய்யும் மென்படலங்களில் அத்தகைய பொருள் பின்னாளில் பயன்பட்டது.

விளையாட்டுத் திரையில், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே, தலைமயிரின் பருமனினும் மெல்லிய அடுக்காக இப்பொருள் நிரப்பப்பட்டிருக்கும். பின்னிருந்து விளக்கொளி வரும். மின்னழுத்தம் மாறுந்தோறும் மூலக்கூறுகள் திரும்பி, ஒளியை விடுவதும் தடுப்பதும் செய்யும். ஒரே திசையில் மின்னழுத்தம் நிலைத்தால், நீர்மத்திற் கலந்துள்ள நுண்ணிய அயனி மாசுகள் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படியும். இதனைத் தவிர்க்கவே மின்னழுத்தத்தின் திசையை நொடிக்குப் பலமுறை முன்பின்னாக மாற்றுமாறு திரைகளை அமைக்கின்றனர். ஆயினும் அம்மாற்றம் முற்றிலும் சமனாவதில்லை. அசையாத காட்சி நெடுநேரம் நிற்குமாயின், எஞ்சும் சிறு ஏற்றத்தாழ்வே அயனிகளை ஒதுக்கிவிடும். காட்சி மாறிய பின்னும் ஒதுங்கிய அயனிகளின் விசையால் மூலக்கூறுகள் சற்றே சாய்ந்து நிற்கும். நாம் காணும் நிழல் அதுவே. வெப்பம் மிகுந்தால் அயனிகள் இன்னும் எளிதாக நகரும் ஆதலின், கோடை இரவும் சார்ஜரின் சூடும் சிறுவனுக்கு எதிராக நின்றன எனலாம்.

ஒதுங்கியவை மீண்டும் கலைந்து பரவுதலும் இயல்பே. ஆகவே கருவியை முற்றும் அணைத்து, குளிர்ந்த அறையில் இரவு முழுதும் வைக்கச் செய்தோம். காலையில் நிழல் பெரிதும் தேய்ந்திருந்தது. பின்னர் வண்ணங்கள் ஓயாது மாறும் காட்சியொன்றைச் சிறிது நேரம் ஓடவிட்டோம். நண்பகலுக்குள் கட்டத்தின் சுவடே இல்லை. செலவு ஒரு காசும் இல்லை. தங்கை இளையவனை அருகழைத்துத் தன் கையாலேயே சோறூட்டினாள்.

எல்லா நிழலும் இவ்வாறே மறையும் எனக் கொள்ளற்க. பல நாட்கள் ஒரே காட்சியைத் தாங்கிய எல்.சி.டி. திரையில் சுவடு முழுதும் நீங்காமற் போதலும் உண்டு. நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட கேம் பாய் கருவியில், ஓடும் உருவத்தின் பின்னே வால்போல் ஒரு மங்கல் தொடரும். அது மூலக்கூறுகள் மெல்லத் திரும்புவதால் நேர்வது, நொடியில் மறைவது. ஓ.எல்.இ.டி. திரையின் செய்தி வேறு. 2011இல் வந்த பிளேஸ்டேஷன் வீட்டாவின் முதல் வடிவிலும், 2021இல் வந்த நிண்டெண்டோ சுவிட்சின் ஒரு வகையிலும் அத்தகைய திரையே உள்ளது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. ஓயாது ஒளிரும் புள்ளி ஏனையவற்றினும் விரைவாக மங்கும். அவ்வாறு தேய்ந்தது ஓய்வு கொடுத்தாலும் திரும்பாது. ஆதலின் நிழல் கண்டவுடன் முதலில் வினவவேண்டியது, திரை எவ்வகையினது என்பதே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தானே அணையும் வசதியை நீக்கவிடாதீர். ஒளியைத் தேவைக்குமேல் கூட்டவிடாதீர். வெயில் படும் இடத்தில் கருவியை வைக்கவிடாதீர். நிழல் விழுந்தால் ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். பணம் கொடுப்பதும் பிள்ளையைக் கடிவதும் அதன் பிறகு ஆகட்டும். வெளிநாட்டில் உழைப்பவரின் பொருள் அருமையானது. அவர் யாருக்காக உழைக்கின்றாரோ அப்பிள்ளையின் மனம் அதனினும் அருமையானது.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். அன்று அவ்வீட்டில் ஐவர் இருந்தோம். அனைவரும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். ஆயினும் அந்நிழல் யாது என விளக்கும் தமிழ்ப்பக்கம் ஒன்றும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. தமிழ் பயிலும் நீங்கள், இயற்பியல் பயிலும் நண்பரோடு அமர்ந்து, நாள்தோறும் கையாளும் கருவிகளைப் பற்றி இரண்டு பக்கமேனும் எழுதுங்கள். அடுத்த மலரில் அத்தகைய கட்டுரைகள் நான்கைந்து இடம்பெறுமாயின் பெரிதும் மகிழ்வோம்.