அரைப்படி நெல்

டிசம்பர் 23, தஞ்சாவூர்

வெண்மணி வழக்கைத் திரும்பவும் படிக்கிறேன், தூக்கம் பிடிக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில், உயிருக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேரைப் பண்ணையார்களும் அவர்களின் அடியாட்களும் உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து அவர்கள் கேட்டது, கூலியில் அரைப்படி நெல் கூடுதல்.

பரணில் கிடந்த படியை இறக்கி, அரைப்படி நெல் அளந்து முறத்தில் கொட்டினேன். இரண்டு கை அள்ளினால் தீர்ந்துவிடுகிறது. குத்திக் காய்ச்சினால் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் கஞ்சி. இதற்காகவா? நெல்லுக்காக இருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சாணிப்பால் புகட்டும் தண்டனைக்கும் சவுக்கடிக்கும் பணிந்து நின்றவர்கள் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். அதைத்தான் பண்ணையார்களால் பொறுக்க முடியவில்லை.

டிசம்பர் 25, கீழவெண்மணி

சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. நினைவிடத்துக்குக் கொடியோடு ஊர்வலமாக வந்தபடி இருக்கிறார்கள். கல்லில் இருக்கும் 44 பெயர்களையும் படித்தேன்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970-இல் பண்ணையார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. நிலபுலன் உள்ள பணக்காரர்கள், அவர்களில் ஒருவர் காரே வைத்திருப்பவர், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம்.

தீ வைத்தவர்களை வெறியர்கள் என்று ஒதுக்கிவிடலாம். அமைதியான அறையில், யோசித்து எழுதிய இந்தக் காரணத்தை எங்கே ஒதுக்குவது? சொத்து உள்ளவன் தப்பு செய்யமாட்டான் என்று நாமும் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். கொடுமைக்கு ஆள் சேர்ப்பது இந்தப் பேச்சுதான். மனிதர்மேல் இருந்த நம்பிக்கை எனக்கு ஆட்டம் கண்டது இந்த இடத்தில்.

டிசம்பர் 27, தஞ்சாவூர்

1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். கணக்குத் தீர்ந்தது என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்த குழந்தை எதுவும் அதனால் எழுந்து வரவில்லை.

வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பக்கம் வந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியரை நினைக்கிறேன். நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் அந்த அம்மாள். 1981-இல் இருவரும் ‘லாஃப்டி’ என்ற உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, பண்ணை நிலங்களை விலை பேசி வாங்கி, ஆயிரக்கணக்கான கூலிப் பெண்களின் பெயரில் எழுதிவைத்தார்கள். உபதேசத்தோடு நிற்காமல், பத்திரம் பதிந்து கையில் கொடுத்தார்கள்.

மனிதர்கள் இயல்பிலேயே நல்லவர்கள் என்று இனி என்னால் எழுத முடியாது. ஆனால் கூலிக்குச் சட்டமும், உழுகிறவளுக்குப் பட்டாவும், ஏழை சொல்லும் சாட்சிக்கு மதிப்பும் இருக்கிற ஊரில் பொல்லாதவனும் கை ஓங்க யோசிப்பான். அப்படி ஓர் ஊரை உண்டாக்க வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இதே மண்ணில் இருந்திருக்கிறார்கள். அதனால் மனிதர்களை நான் கைவிடுவதாக இல்லை.