வேலியில் ஒரு முட்செடி

மைசூரின் பழைய குடியிருப்புகளிலே காலை வேளையில் உலாவச் செல்வோரின் கண்ணைக் கவர்வது, மதிற்சுவர்களின்மீது செம்மையும் ஊதாவுமாய்ச் சரிந்து கிடக்கும் காகிதப்பூ. தென்னமெரிக்காவிற் பிறந்த இம்முட்கொடியை 1767ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுத் தாவர அறிஞர் கொம்மர்சோன் கண்டார். அவருடைய கடற்பயணத்தின் தலைவர் பூகன்வில் என்பாரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. நாம் மலரென எண்ணுவது வண்ணமேறிய இலையே. நடுவில் நிற்கும் சிறு வெண்குழல்தான் பூ.

இதனை வளர்ப்பது எளிது. நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் போதும். நீர் மிகுந்தால் இலை செழிக்கும், பூக் குன்றும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கத்தரித்துவிட வேண்டும். வாயிற்படியருகிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் நடலாகாது.

ஆயினும் அழகிய முட்செடிகள் யாவும் இத்தகைய நல்லியல்பு வாய்ந்தவை அல்ல. விடுமுறையில் உதகைக்குச் செல்லும் நம் குடும்பங்கள், குண்டலுப்பேட்டையைக் கடந்து, மைசூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பந்திப்பூர்க் காட்டினூடே போகின்றன. அங்கே மஞ்சளும் செம்மையுமாகப் பூத்த புதர்களைக் கண்டு குழந்தைகள் மகிழ்வர். ‘நம் வீட்டிலும் வைப்போம்’ என்பர். அதுவே உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்த அச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்கென இந்நாட்டுக்குக் கொணரப்பட்டு, வேலியாகவும் பயன்பட்டது. அதன் கருங்கனியைப் பறவைகள் உண்டு விதைகளைக் கானகமெங்கும் பரப்பின. அது அடர்ந்த இடத்தில் மானும் யானையும் மேயும் புல் அருகிவிடுகிறது. அதன் இலையோ கால்நடைக்கு நஞ்சு. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மாதேசுவர மலையிலே சோலிகப் பழங்குடியினர் அதன் தண்டுகளை வெட்டி நாற்காலியும் மேசையும் செய்கின்றனர். போற்றத்தக்க உழைப்புத்தான், ஆயினும் புதர் பரவிய காடு மிகப் பெரிது.

யாரோ சிலர் தோட்டத்தில் ஆசையாய் நட்டது இவ்வளவுக்கும் வித்தாயிற்று. ஆதலின் குழந்தைகளுக்கு வேறொரு செடியைக் காட்டுவோம். களா நம் நாட்டுக்கே உரியது. கூரிய முள்ளால் நல்ல வேலியாகும், வெண்பூ மணக்கும், காய் ஊறுகாய்க்கு உதவும். ஒன்றரை முழ இடைவெளியில் நட்டு, ஆண்டுதோறும் கத்தரித்துவந்தால் அடர்ந்து வளரும்.

பிழைப்பு நாடி வந்த நம்மை இம்மண் ஏற்றுக்கொண்டது. அதன் காட்டுக்குத் தீங்கு செய்யாத வேலியை நம் வாயிலில் வைப்பது நாம் செய்யக்கூடிய சிறு நன்றியாகும்.