குண்டாற்றங்கரையில் ஒரு பகற்பொழுது

யாத்திரை என்றவுடன் காசி, கேதாரம், சதுரகிரி என்று தொலைவும் உயரமும் கொண்ட தலங்களே நம் நினைவுக்கு வருகின்றன. வயது எழுபதைத் தாண்டியவர்களுக்கு அவற்றை எண்ணிக் கைகூப்புவதோடு நின்றுவிட வேண்டியிருக்கிறது. ஆனால் மலை ஏறாமல், ஓரிரவுகூட வெளியில் தங்காமல், காலையில் புறப்பட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பக்கூடிய புண்ணியப் பயணங்களும் உண்டு. மதுரைக்குத் தெற்கே காரியாபட்டி வழியாகத் திருச்சுழி சென்று வருவது அத்தகைய ஒன்று.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் காரியாபட்டி அமைந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த பேரூர் இது. நகரத்தின் நெரிசல் இதற்கு முன்பே ஓய்ந்துவிடும். சமவெளியும், பருவத்துக்கு ஏற்பக் கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடுகளும், ஆங்காங்கே நிமிர்ந்து நிற்கும் பனைகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன.

கரை காக்கும் ஐயனார்

இந்த நாட்டின் உயிர்நிலை கண்மாய்களே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் சென்றால், நீர் நிறைந்த கண்மாய்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் இரை தேடும் காட்சியைச் சாலையோரத்திலிருந்தே காணலாம். கரைமேல் ஐயனார் பூரணை, புட்கலை சமேதராக வீற்றிருப்பதும், எதிரே சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்பதும் பாண்டி நாட்டில் காணும் வழக்கம். கரை உடைந்தால் ஊர் அழியும். ஆகவே கரையைக் காப்பது தெய்வத்தின் பணி என்று நம் முன்னோர் வகுத்தனர். கண்மாய் நிறைந்தால் மடையில் பொங்கலிடுவதும், புரவி எடுப்பதும் அந்த நன்றியின் வெளிப்பாடுகள்.

கோயில் வளாகத்து மரநிழல் இளைப்பாற ஏற்றது. கட்டுச்சோறாகப் புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டு சென்றால் பேரக்குழந்தைகளுடன் அமர்ந்து உண்ணலாம். உண்ட இடத்தில் ஒரு காகிதமும் விட்டுவராமல் இருப்பது ஐயனாருக்கு நாம் செய்யும் தொண்டு.

வறண்டாலும் புனித நதி

இந்த வட்டாரத்தின் நதி குண்டாறு. சாப்டூர்ப் பகுதியின் மலைச்சரிவுகளில் தோன்றி, காரியாபட்டி, திருச்சுழி, கமுதி வட்டாரங்கள் வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. புராண மரபில் இதற்குக் கௌண்டின்ய நதி என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இது. பல இடங்களில் சீமைக் கருவேலம் அடர்ந்து நீரோட்டத்தின் வழியையே மறைத்துவிட்டது. காவிரி நீரைச் சுமார் 262 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக வைகைக்கும் குண்டாற்றுக்கும் கொணரும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த நீர் வந்து சேரும் நாளுக்காக இந்த மண் காத்திருக்கிறது. வெறும் மணலாய்க் கிடக்கும் ஆற்றைக் கண்டாலும் ஒரு கணம் நின்று வணங்கிச் செல்வோம். ஆற்றை மறந்த தலைமுறைக்கு ஆற்றைக் காக்கவும் தோன்றாது.

சுழியில் அடங்கிய பிரளயம்

காரியாபட்டியிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் திருச்சுழியை அடைந்துவிடலாம். பாண்டி நாட்டின் பாடல்பெற்ற 14 தலங்களுள் ஒன்றாகிய திருச்சுழியல் இதுவே. பிரளய வெள்ளம் உலகைச் சூழ்ந்தபோது, சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, வெள்ளத்தைச் சுழித்து உட்செல்லச் செய்தார் என்பது தலபுராணம். சுவாமி திருமேனிநாதர், அம்பிகை துணைமாலையம்மை என்னும் சகாயவல்லி. துணை வேண்டுவோர் வணங்கவேண்டிய திருநாமம் அது!

சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாளுடன் இங்கு வந்து பதிகம் பாடினார். அன்றிரவு இறைவன் அவர் கனவில் காளைப் பருவத்தினராய், கையில் செண்டுடன் தோன்றி, தாம் கானப்பேரில் இருப்பதாக உணர்த்தினார் என்கிறது பெரியபுராணம். அந்தக் கானப்பேரே இன்றைய காளையார்கோவில்.

கோயிலின் சூல தீர்த்தத்தில், மாசி மகத்தை ஒட்டிய நாட்களில் நீர் படிப்படியாக உயர்ந்து பின் வடியும் என்று ரமண மகரிஷி தம் இளமையை நினைவுகூர்ந்து கூறியதை அடியார்கள் குறித்து வைத்துள்ளனர்.

ஒரு முதியவர் சொன்ன சொல்

அந்த மகரிஷி பிறந்த ஊர் இது. 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசனத் திருநாளின் நள்ளிரவு கடந்த வேளையில், நடராஜப் பெருமான் உலா முடித்து ஆலயம் திரும்பும் நேரத்தில், சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் வேங்கடராமன் பிறந்தார். சிறுவயதில் தந்தையின் கோபத்துக்கு அஞ்சி அவர் ஒளிந்துகொண்ட இடமும் சகாயவல்லியின் சந்நிதிதான். அவர் பிறந்த இல்லம், 'சுந்தர மந்திரம்' என்ற பெயரில் ரமணாசிரமத்தாரால் பேணப்பட்டு வருகிறது. சிறிது நேரம் அங்கே மௌனமாக அமர்ந்திருப்பதே போதும்; மனம் தானாக அடங்கும்.

1895-ஆம் ஆண்டு நவம்பரில், மதுரையில் மாணவராய் இருந்த வேங்கடராமன், திருச்சுழியில் தாம் அறிந்திருந்த முதிய உறவினர் ஒருவரைச் சந்தித்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அருணாசலத்திலிருந்து என்று வந்த பதில் அந்தச் சிறுவனின் உள்ளத்தைச் சிலிர்க்க வைத்தது. மறு ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் திருவண்ணாமலையை அடைந்தார்.

முதியோர் இதைச் சிந்திக்க வேண்டும். அந்தப் பெரியவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை; தாம் சென்று வந்த தலத்தின் பெயரைச் சொன்னார், அவ்வளவே. நாம் கண்டு வந்த தலங்களின் பெயரையாவது வீட்டுப் பிள்ளைகளின் செவியில் போட்டுவைப்பது நம் கடமையல்லவா? அவர்களையும் உடன் அழைத்துச் சென்றால் இன்னும் சிறப்பு.

அதிகாலையில் புறப்பட்டுத் திருச்சுழித் தரிசனத்தை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. நண்பகலில் நடை சாத்தப்படும். சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் பயணம் வேண்டாம். குடிநீர், மருந்து, தலைக்குக் குடை ஆகியவை கையில் இருக்கட்டும். நேரமிருந்தால், திரும்பும்போது அருப்புக்கோட்டை மீனாட்சி சொக்கநாதரையும் தரிசித்து வரலாம்.

துணைமாலையம்மை அனைவருக்கும் துணை நிற்பாளாக!